பழைய சுவர் விளம்பரத்தை வாசிப்பது எப்படி? தொடக்க நிலையினருக்கு ஒரு செய்முறை

ஃபிளெக்ஸ் பேனர் வருவதற்கு முன் தமிழ்நாட்டின் ஊர்களில் சுவர் விளம்பரம் எழுதியே குடும்பம் நடத்திய ஓவியர்கள் இருந்தார்கள். பல்பொடி, புகையிலை, தலைவலித் தைலம், சிமெண்ட், ஜவுளிக்கடை என்று அவர்கள் எழுதியவை கடைவீதிகளில் இன்னும் மிச்சம் இருக்கின்றன. அடுத்த வெள்ளையடிப்பு வரைதான் அவற்றுக்கு ஆயுள். படமெடுத்து ரசிப்பவர்கள் நிறையப் பேர். அதோடு நில்லாமல் அந்தச் சுவரை வாசிக்கவும் பழக வேண்டும் என்பது என் ஆசை. எந்தக் காலத்தது, எப்படி எழுதியது, யாருடைய கை என்பதையெல்லாம் பெரும்பாலும் சுவரே சொல்லிவிடும். ஒரு போன், ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும்.

படி 1: தேடும் இடம்

புதிய கடைவீதியில் தேடாதீர்கள். பழைய பஸ் நிலையம், ரயில் பாதையைப் பார்த்து நிற்கும் வீடுகள், சாலை திரும்பும் முனையில் எதிரே தெரியும் பக்கச்சுவர் ஆகியவைதான் அந்நாளில் விளம்பரத்துக்கு எடுத்த சுவர்கள். வெயில் அதிகம் வாங்கும் தெற்கு, மேற்குச் சுவர்களைவிட வடக்குச் சுவரிலும் சந்துக்குள் மறைந்த சுவரிலும் வண்ணம் நன்றாக நிற்கும். சாலை விரிவாக்கத்துக்கு ஒரு கட்டடத்தை இடித்தால் உடனே போய்ப் பாருங்கள். அது மறைத்திருந்த பக்கத்துச் சுவரில் முழு விளம்பரமே வெளிப்படலாம்.

படி 2: கேட்டுவிட்டு நில்லுங்கள்

"ஐயா, இந்தச் சுவரில் இருக்கும் பழைய எழுத்தைப் படம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால் அநேகமாக யாரும் மறுப்பதில்லை. கூடவே, எழுதியவர் யார், சுவருக்கு வாடகை கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். கல்லாவில் இருக்கும் பெரியவருக்கு நினைவிருக்கலாம்.

படி 3: காலம் கணிப்பது

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

முதலில் விலையைப் பாருங்கள். அணாவில் இருந்தால் அநேகமாக 1957க்கு முந்தியது. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் ரூபாய்க்கு நூறு காசு என்ற கணக்கு வந்தது. "நயா பைசா" அல்லது "ந.பை." என்று இருந்தால் இன்னும் வசதி. 1964இல் "நயா" என்ற அடைமொழி கைவிடப்பட்டதால், காலம் ஏழெட்டு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும்.

அடுத்து முகவரி. "சென்னை-1" என்று ஒன்றிரண்டு இலக்கத்தோடு முடிந்தால் பழைய அஞ்சல் மண்டல எண். "600 001" என்று ஆறு இலக்கம் இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது. பின்கோடு அன்றுதான் தொடங்கியது. பத்து இலக்கக் கைபேசி எண் இருந்தால் அது நம் தேடலுக்கு மிகவும் புதியது.

பிறகு எழுத்து. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் தலைமேல் துதிக்கை வளைந்து நிற்கும். ணா, றா, னா ஆகியவற்றில் துணைக்கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சுழிந்து ஒட்டியிருக்கும். விளம்பரத்தில் இவற்றைத் தேட வேண்டிய சொற்கள் எளிதில் கிடைக்கும்: விலை, சேலை, தலைவலி, புகையிலை. மதுரைப் பக்கம் என்றால் "மீனாட்சி" ஒன்று போதும். "அணா" என்ற சொல்லில் விலை, எழுத்து என்று இரண்டு தடயமும் சேர்ந்தே கிடைக்கும்.

ஆனால் எழுத்தை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். பழைய வடிவம் கையில் ஊறிய ஓவியர், ஆணை வந்த பிறகும் அப்படியே எழுதியிருப்பார். மறுபக்கம், பெரியார் 1935லேயே "குடி அரசு" இதழில் சீர்திருத்த எழுத்தைக் கையாளத் தொடங்கிவிட்டார். எனவே திராவிடர் கழகத்துச் சுவரில் புது வடிவ "லை" இருப்பதால் மட்டும் அது 1978க்குப் பிந்தியது ஆகாது. குறைந்தது இரண்டு தடயங்கள் ஒத்துப்போனால் மட்டும் காலத்தை எழுதுங்கள்.

படி 4: கையைக் கண்டுபிடிப்பது

எனக்கு மிகவும் பிடித்த படி இது. சுவருக்கு அருகே போய், ஒரே ஓர் எழுத்தை மட்டும் பாருங்கள். தூரிகை எங்கே தொடங்கியது, எங்கே எடுத்தார், வளைவை ஒரே இழுப்பில் முடித்தாரா என்பது வண்ணத்தின் தடிப்பில் தெரியும். நூலில் காவிப்பொடி தடவி, இரு முனையையும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டினால் சுவரில் நேர்கோடு விழும். அந்தக் கோட்டுக்குள்தான் எழுத்து நிற்கும். சில சுவர்களில் அதன் சாயல் எழுத்துகளின் தலைப்பக்கம் இன்னும் மங்கலாகத் தெரியும். சுழிகளுக்குள் சிறு இடைவெளிகள் விட்டிருந்தால், அட்டையில் எழுத்தை வெட்டி வைத்து வண்ணம் ஒற்றியது என்று பொருள்.

எழுத்தின் நிழல் வலப்பக்கம் விழுகிறதா, இடப்பக்கமா, எந்த நிறம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கீழ்மூலைக்கு வாருங்கள். ஓவியர்கள் தங்கள் பெயரையோ "ஆர்ட்ஸ்" என்று முடியும் கடைப்பெயரையோ ஊரோடு சேர்த்துப் பொடி எழுத்தில் இடுவது வழக்கம். நிறுவனத்தின் பெயர் வேறு எங்கேனும் பதிவாகியிருக்கும். இவருடைய பெயர் அநேகமாக இங்கே மட்டும்தான்.

படி 5: படமெடுப்பது

காலையிலோ மாலையிலோ, வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுங்கள். அப்போது வண்ணத்தின் மேடு பள்ளம் எழும்பித் தெரியும். தூறல் விட்டதும் போனால் இன்னும் நல்லது. நனைந்த சுவரில் மங்கிய நிறம் அடர்ந்து காட்டும். நேர் எதிரே நின்று எடுங்கள். முதலில் தெருவோடு சேர்த்து, அடுத்து சுவர் முழுவதும், பிறகு சொல் சொல்லாக, கடைசியில் மூலைக் கையெழுத்து.

சுவரைத் தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள், மங்கிய எழுத்தின்மேல் புது வண்ணம் பூசி "மீட்க" முயலாதீர்கள். மேலே பூசிவிட்டால் அந்தக் கை போய்விட்டது. தவிர, பழைய எண்ணெய் வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். சுரண்டும் தூசி உடலுக்குக் கேடு.

கடை வாசல்களில் தொங்கும் பழைய எனாமல் விளம்பரத் தகடுகளுக்கும் இதே விதிதான். இரும்புத் தகட்டில் கண்ணாடித் தூளைப் பூசிச் சூளையில் சுட்டவை என்பதால் நிறம் வெளுக்காது. ஆணித் துளையிலும் சில்லு பெயர்ந்த இடத்திலும்தான் துரு ஏறும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இத்தகைய பழைய பொருள்களைப் பார்க்கலாம். கடையில் பார்த்துப் பழகுங்கள். எங்கோ ஒரு கடை வாசலில் தொங்குவதைக் கழற்றி விலைக்குக் கேட்காதீர்கள். எந்தத் தெருவில் இருந்தது என்பது அந்தத் தகட்டின் பாதிச் செய்தி.

படி 6: பதிவு

அன்று இரவே எழுதிவிடுங்கள்: ஊர், தெரு, சுவர் பார்க்கும் திசை, சுவரில் உள்ள வாசகம் எழுத்துப் பிழையோடு அப்படியே, காலத் தடயங்கள், ஓவியர் பெயர், பார்த்த தேதி. படத்தின் பெயரிலும் ஊரையும் தேதியையும் சேருங்கள். காலம் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடலாம். அடுத்த முறை போகும்போது படத்தின் ஒரு பிரதியை வீட்டுக்காரரிடம் கொடுங்கள். வெள்ளையடிக்க ஆள் வைக்கும் முன் உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள்.