ஏஇஎஸ் வேகச் சோதனையில் ஏமாறாதிருக்க

ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளின் 1.1.1 பதிப்பில், வேகத்தை அளக்கும் 'ஸ்பீட்' கட்டளைக்கு ஏஇஎஸ் குறியாக்கத்தின் ஒரு வகையான ஏஇஎஸ்-256-சிபிசி என்ற பெயரை மட்டும் கொடுத்து ஓட்டிவிட்டு, செயலி மெதுவானது என்று முடிவு கட்டுகிறவர்கள் பலர். இன்டெல் 2010இல் வெஸ்ட்மியர் செயலிகளில் கொண்டுவந்த, ஏஇஎஸ் கணக்கை வன்பொருளிலேயே செய்யும் ஏஇஎஸ்-என்ஐ ஆணைகளை அந்தச் சோதனை தொடவே இல்லை. அந்த ஆணைகளைப் பயன்படுத்தும் உயர்மட்ட இடைமுகமான இவிபி வழியே அளக்க, 'இவிபி' தெரிவைச் சேர்த்து ஓட்டுங்கள். அதே கணினியில் எண் பல மடங்கு ஏறும்.

சோதனையில் நேரும் பிழை நிரலிலும் நேர்ந்தால் விளைவு பெரிது. ஏஇஎஸ் கீழ்மட்டச் செயற்கூறுகளை நேரடியாக அழைக்கும் பழைய நிரல்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் வேகம் மட்டும் போவதில்லை. அட்டவணைகளைத் தேடிப் படிக்கும் மென்பொருள் ஏஇஎஸ், செயலியின் விரைவு நினைவகமான கேச்சின் நேர வேறுபாடுகள் வழியே சாவியைக் கசியவிடக்கூடும் என்று குறியாக்க ஆய்வாளர் டேனியல் பெர்ன்ஸ்டைன் 2005இலேயே காட்டிவிட்டார். வன்பொருள் ஆணைகளில் அந்த அட்டவணைகளே கிடையாது. எனவே இவிபி இடைமுகத்துக்கு மாறுவதைத் தள்ளிப்போடாதீர்கள். 2021இல் வந்த 3.0 பதிப்பு அந்தக் கீழ்மட்டச் செயற்கூறுகளைக் கைவிடப்பட்டவை என்று அறிவித்தும்விட்டது.

வன்பொருள் இருந்தும் சிபிசி முறையில் குறியாக்கம் தவழ்வதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அதில் தரவு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தொகுதியும் முந்தைய தொகுதியின் விடைக்காகக் காத்திருப்பதால், செயலி பல தொகுதிகளை ஒரே சமயத்தில் கையாள முடியாது. மறைவிலக்கத்தில், அதாவது குறியாக்கத்தை அவிழ்ப்பதில், அந்தத் தடை இல்லை. புதிதாக எழுதுகிறவர்களுக்கு ஏஇஎஸ்ஸை இயக்கும் இன்னொரு வழியான ஜிசிஎம் முறையே நல்லது. செய்தி மாற்றப்படவில்லை என்ற உறுதியையும் அது தருகிறது.

'ஸ்பீட்' காட்டும் முடிவு அட்டவணையில் ஒவ்வொரு செய்தி அளவுக்கும் ஒரு நெடுவரிசை இருக்கும்; அதில் 16,384 பைட் நெடுவரிசையை மட்டும் பார்த்து மகிழ்வதும் தவறு. உங்கள் செய்திகள் 64 பைட் என்றால் 64 பைட் நெடுவரிசையைத்தான் பார்க்க வேண்டும். தனிக் குறியாக்கச் சில்லுக்கு வேலையை அனுப்பும் கருவிகளில் மொத்தமாகக் கழிந்த நேரத்தை அளக்கும் 'எலாப்ஸ்டு' தெரிவை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் செயலி செலவிட்ட நேரம் மட்டுமே கணக்கில் வரும். சில்லுக்காகக் காத்திருந்த நேரம் மறைந்து, நம்ப முடியாத வேகம் திரையில் தெரியும்.

மெய்நிகர் கணினி என்றால், செயலியின் வசதிகளைப் பட்டியலிடும் லினக்ஸின் 'சிபியூஇன்ஃபோ' கோப்பில் ஏஇஎஸ் கொடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடியில் இருக்கும் செயலிக்கு அந்த வசதி இருந்தாலும், பொதுவான செயலி மாதிரியைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது உள்ளே எட்டாமல் போகலாம். ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியில் ஏஇஎஸ்ஸுக்கான வன்பொருள் ஆணைகள் அறவே இல்லை. அங்கே சாசா20-பாலி1305 என்ற வேறொரு குறியாக்க முறைதான் வேகமானது.