பெல்ட்டை மட்டும் மாற்றாதீர்கள்: பழைய டர்போ கார் வாங்கும் தம்பிகளுக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சத்துவாச்சாரியில் நான் வழக்கமாக வண்டி விடும் ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன். குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் ஓட்டி வந்தார். முதல் தலைமுறை வண்டி, 1.8 டர்போ, 150 குதிரைத்திறன். வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறதாம். முகமெல்லாம் சந்தோஷம். "அண்ணா, டைமிங் பெல்ட் மாத்தணும். பெல்ட் கையோட வாங்கிட்டு வந்துட்டேன்" என்று ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். உள்ளே பெல்ட் மட்டும்தான் இருந்தது. பஸ் பார்சலில் அனுப்பியவர்கள் அதையும் இரண்டாக மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2014-ல் இதே மாதிரி ஒரு கவரோடு இதே ஷெட் வாசலில் நான் நின்றிருக்கிறேன்.

ஆயில் அளவு பார்க்க மறப்பது, டயரில் காற்றைக் குறைத்து ஓட்டுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை. பணத்தையும் மாதக்கணக்கில் நாட்களையும் விழுங்கும் தவறுகள் வேறு இருக்கின்றன.

பெல்ட்டை மட்டும் மாற்றுவது

டைமிங் பெல்ட் என்பது வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டை இன்ஜினோடு சேர்த்துச் சுற்றும் பல் வைத்த பெல்ட். இந்த 1.8 டர்போவில் அது கேம்ஷாஃப்டோடு, இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரை ஓட வைக்கும் வாட்டர் பம்பையும் சேர்த்துச் சுற்றுகிறது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்க ஒரு டென்ஷனர் ரோலர், அந்த ரோலரை அழுத்த ஒரு ஹைட்ராலிக் டேம்பர். பெல்ட், பம்ப், ரோலர், டேம்பர் நாலும் ஒன்றை ஒன்று நம்பி ஓடுகின்றன. இதில் எது இறுகி நின்றாலும், உடைந்தாலும் பெல்ட் போய்விடும். பெல்ட் போனால் கேம்ஷாஃப்ட் அப்படியே நின்றுவிடும். மேலே ஏறி வரும் பிஸ்டன், திறந்து கிடக்கும் வால்வில் இடிக்கும். ஒரு சிலிண்டருக்கு ஐந்து வால்வு, மொத்தம் இருபது.

இதே இன்ஜின் உள்ள என் வண்டியில் அன்று பெல்ட் மாற்றியபோது மெக்கானிக் பம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தண்ணி கசியல சார், நல்லாத்தான் இருக்கு. எதுக்கு வீண் செலவு" என்றார். நானும் சரி என்றேன். பம்ப் விலை அப்போது 3,500 ரூபாய். அந்தப் பணத்தில் புது ஏர் ஃபில்டர் வாங்கினேன்.

பதினான்கு மாதம் ஓடியது. மே மாதம், மதியம், வேலூர் வெயில் தெரியுமே. பெங்களூர் போய்க்கொண்டிருந்தேன். பள்ளிகொண்டா டோல் தாண்டி ஆம்பூர் பக்கம் போகும்போது முன்பக்கத்திலிருந்து மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம். ஏசி கம்ப்ரசர் என்று நினைத்து ஏசியை அணைத்தேன். சத்தம் போகவில்லை. ஆம்பூரில் நிறுத்திப் பார்க்கலாம் என்று ஓட்டினேன். இரண்டு நிமிடத்தில் இன்ஜின் நின்றது. ஓரம் கட்டிச் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாக, தடையே இல்லாமல் சுற்றியது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தம், இல்லாத இன்ஜின் அப்படித்தான் சுற்றும். அது தெரியாமல் ஐந்தாறு முறை திருப்பினேன். தப்பித்திருந்த வால்வுகள் அதில் எத்தனை போயினவோ.

கவரைக் கழற்றிப் பார்த்தபோது பம்பின் பேரிங் இறுகிப் போயிருந்தது. புது பெல்ட்டின் பற்கள் அந்த இடத்தில் மழித்தது போல இருந்தன. பெல்ட் மேல் எந்தக் குறையும் இல்லை. பதினான்கு வால்வு வளைந்துவிட்டன. வால்வுகள் உட்கார்ந்திருக்கும் இன்ஜினின் மேல்பகுதி, அதாவது ஹெட், பெங்களூருக்குப் போனது. வால்வுகளும் கேஸ்கெட் செட்டும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. ஐந்து மாதம் வண்டி தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. மொத்தச் செலவு 1,60,000 ரூபாய்.

"கசியவில்லையே" என்ற அந்தச் சொல்தான் இன்றும் எனக்கு எரிச்சலைக் கிளப்புகிறது. வாட்டர் பம்ப் கெட்டுப்போக மூன்று வழி இருக்கிறது. ஒன்று சீல் போய்க் கசிவது. அது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று பேரிங் தேய்ந்து இறுகுவது. மூன்றாவது, உள்ளே தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் உடைவது. இந்த இன்ஜின்களில் நிறைய பம்புகளுக்கு இம்பெல்லர் பிளாஸ்டிக். வருடக்கணக்கில் சூடான கூலன்ட்டில், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தில், கிடந்து அது நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். வெடித்தால் ஷாஃப்ட் மட்டும் சுற்றும், தண்ணீர் ஓடாது. வெளியே ஒரு சொட்டும் கசியாது. பெல்ட் மாட்டியிருக்கும்போது இது எதையும் சோதிக்க முடியாது. கழற்றிய பிறகோ, கூலி கொடுத்தாகிவிட்டது. இன்ஜின் மவுன்ட்டைக் கழற்றி, கவரைக் கழற்றி, டைமிங் குறியைச் சேர்த்துப் பிடிப்பதற்குத்தான் பெரிய செலவு. பம்ப் விலை அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

ஆகவே வாங்கும்போது செட்டாக வாங்குங்கள்: பெல்ட், டென்ஷனர் ரோலர், டேம்பர், உலோக இம்பெல்லர் உள்ள பம்ப், அதன் சீல். ஐஎன்ஏ, கேட்ஸ், கான்டினென்டல் போன்ற நிறுவனங்கள் பம்போடு சேர்த்தே கிட் போடுகின்றன. எப்படியும் கூலன்ட்டை வடிக்கிறீர்கள், அதோடு கூலன்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றிவிடுங்கள். பெல்ட் மடித்து வந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். ரப்பருக்குள் ஓடும் நூலிழைகள் அந்த மடிப்பில் முறிந்திருக்கலாம். மேலே பார்த்தால் தெரியாது. நம் ஊர் வெயிலுக்கு என் கணக்கு 80,000 கிலோமீட்டர் அல்லது ஐந்து வருடம், எது முதலில் வருகிறதோ அது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டிக்கு முந்தைய பில் இல்லையென்றால், வாங்கிய வாரமே மாற்ற வேண்டும்.

எல்லா இன்ஜினுக்கும் இது அப்படியே பொருந்தாது. பழைய சிட்டி வீடெக்கில் வாட்டர் பம்பை டைமிங் பெல்ட்தான் சுற்றுகிறது. அங்கேயும் இதே கதை. போலோவின் 1.0 டிஎஸ்ஐயில் பம்ப் இன்ஜினின் மறுபக்கம் தனிச் சின்ன பெல்ட்டில் ஓடுகிறது. ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோலில் பெல்ட்டே இல்லை, செயின். பார்ட் வாங்குவதற்கு முன்னால் உங்கள் இன்ஜினில் எது எதைச் சுற்றுகிறது என்று உட்கார்ந்து படியுங்கள்.

குடியாத்தம் தம்பியை அன்று திருப்பி அனுப்பினோம். வண்டியை ஷெட்டிலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் போனார். முகம் வாடிவிட்டது, எனக்கும் கஷ்டமாக இருந்தது. கிட் வர ஒன்பது நாள் ஆனது. கழற்றிய பழைய பம்பை அவர் கையிலேயே கொடுத்துச் சுற்றச் சொன்னேன். கரகரவென்றது.

மாடல் பெயரைச் சொல்லிப் பார்ட் கேட்பது

"ஆக்டேவியாவுக்கு வாட்டர் பம்ப் வேணும்" என்று போனில் கேட்டால், எதையோ ஒன்றை அனுப்புவார்கள். அதே பெயரில் இங்கே 1.9 டீசல், 2.0 பெட்ரோல், 1.8 டர்போ மூன்றும் ஓடின. ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் பார்ட் நம்பரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், கஷ்டமே இல்லை. முதல் மூன்று இடம் அந்தப் பாகம் எந்த வண்டிக்கு அல்லது இன்ஜினுக்கு முதலில் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். நடுவில் உள்ள மூன்று எண் எந்தப் பிரிவு என்பது: 109 என்றால் வால்வு இயக்கம், 121 என்றால் கூலிங், 615 என்றால் டிஸ்க் பிரேக். கடைசியில் வரும் ஆங்கில எழுத்து, பாகத்தைத் திருத்தித் திருத்திச் செய்யும்போது மாறும். நம் வண்டியில் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது, பாகங்கள் பெரும்பாலும் 06ஏ என்று தொடங்கும். ஃபோக்ஸ்வாகன் பஸாட்டிலும் ஆடி ஏ4-லும் அதே 1.8 டர்போ நீளவாக்கில் இருக்கும், அங்கே 06பி. பெயர் ஒன்று, பாகம் வேறு.

பிரேக்கில் இன்னும் கவனம் வேண்டும். இந்த பிளாட்ஃபாரத்தில், அதாவது பல மாடல்களுக்குப் பொதுவான இந்த அடித்தளத்தில், முன் டிஸ்க் 288 மில்லிமீட்டரும் உண்டு, 312 மில்லிமீட்டரும் உண்டு. ஸ்டெப்னி வைக்கும் குழிக்குள் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் வண்டியோடு வந்த பாகங்களின் குறியீடுகள் வரிசையாக இருக்கும். அதைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பதினேழு இலக்கச் சேசிஸ் நம்பரையும் சேர்த்து அனுப்பினால்தான் நல்ல கடைக்காரர் சரியான பாகத்தைத் தருவார்.

புதுப்பேட்டையில் எல்லாவற்றையும் வாங்குவது

சென்னைப் புதுப்பேட்டையை நான் மதிக்கிறேன். வேறெங்கும் கிடைக்காத டெயில் லேம்ப், கதவுக் கைப்பிடி, சுவிட்ச், கண்ணாடி, சீட் எல்லாம் அங்கே கிடைத்திருக்கின்றன. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய், பக்கத்தில் வைத்து நம்பரை ஒப்பிட்டு வாங்குங்கள். ஆனால் ஸ்டீயரிங் ராக், கன்ட்ரோல் ஆர்ம், பிரேக் காலிப்பர், சீட் பெல்ட், ஏர்பேக் இவற்றை அங்கே வாங்கவே கூடாது. அடிபட்ட வண்டியிலிருந்து கழற்றியதா என்று உங்களுக்குத் தெரியாது. ஏர்பேக்கைச் சோதித்துப் பார்த்து வாங்கவும் வழியில்லை.

ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர்

பாலாற்றங்கரைத் தண்ணீரைப் பற்றி நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை தோல் பதனிடும் கழிவின் உப்பு நிலத்தடியில் இறங்கியிருக்கிறது. பக்கெட்டில் வெள்ளைப் படிவு விடும் அதே தண்ணீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிவு விடும். டிஸ்டில்ட் வாட்டரும் ஜி12 கூலன்ட்டும் பாதிக்குப் பாதி, அவ்வளவுதான். வழியில் குறைந்தால் ஒரு பாட்டில் குடிநீர் ஊற்றி வீடு சேருங்கள், மறுநாள் வடித்துவிட்டுச் சரியாக நிரப்புங்கள்.

இதோடு ஒன்று. ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் வண்டிகளில் டெம்பரேச்சர் முள் 90-ல் அசையாமல் நிற்பதை நம்பாதீர்கள். உண்மைச் சூடு சுமார் 75-லிருந்து 105 டிகிரி வரை எங்கே இருந்தாலும் முள் 90-ஐத்தான் காட்டும்படி அமைத்திருக்கிறார்கள். உண்மையான எண் வேண்டுமென்றால் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள, வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு ஸ்கேனர் மாட்டிப் பாருங்கள்.

பிரேக் ஆயிலை மறப்பது

ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதைத்தான் எல்லோரும் வீடியோ எடுக்கிறார்கள். வண்டிக்குச் சோதனை இறங்கும்போதுதான். டாட் 4 தர பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். எனக்கு ஒன்பதாவது வளைவில் அப்படிப் போயிருக்கிறது, பக்கத்தில் என் மனைவி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இரண்டாவது கியரில் இறங்குங்கள்.

ரீமேப்பில் தொடங்குவது

ரீமேப் என்பது பவரைக் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது. பழைய ஹோஸ், பழைய காயில், பழைய பிளக் இருக்கும்போது வேண்டாம்.

ஹெட் போல்ட்டைத் திரும்பப் போடுவது

ஹெட்டை இன்ஜினோடு பிடித்து வைக்கும் போல்ட், ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும். புது செட் வாங்குங்கள்.

எத்தனாலை மறப்பது

இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2005 வண்டியின் பெட்ரோல் ஹோஸ் அதற்காகச் செய்ததல்ல. விரலால் அழுத்திப் பாருங்கள், வெடிப்போ ஊறலோ தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். டர்போவுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசியக் கூடாது.

தேதி பார்க்காமல் டயர் வாங்குவது

பக்கவாட்டில் நான்கு இலக்கம். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம்.

எழுதி வைக்காதது

என் வண்டியின் பெல்ட் கவர் மேல் வெள்ளை பெயிண்ட் மார்க்கரால் எழுதியிருக்கிறேன்: பெல்ட், டென்ஷனர், டேம்பர், பம்ப் என்று நாலு பெயர், தேதி, கிலோமீட்டர். குடியாத்தம் தம்பியின் வண்டியிலும் கவரை மூடுவதற்கு முன்னால் அவரே எழுதினார்.