கட்டுப் பிரித்த பிறகும் கை வலிக்கிறதா? கண்ணாடிப் பயிற்சியை இப்படித் தொடங்குங்கள்

எலும்பு கூடிவிட்டது, எக்ஸ்ரேயில் குறையில்லை. ஆனாலும் சட்டைக் கை உரசினால் எரிகிறது. வலி மூன்று மாதத்தைத் தாண்டினால் நாட்பட்ட வலி என்பார்கள். காயம் ஆறிய பிறகும் நரம்புகள் அடங்காமல் இருப்பதால் இப்படி ஆகலாம். வலி கற்பனையல்ல. முதலில் டாக்டரிடம் காட்டி, வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் காட்டி, அதுவே வலிக்கும் கை என்று மூளையை நம்பவைப்பதுதான் கண்ணாடிப் பயிற்சி. 1990களில் நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன், கையை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் தோன்றும் வலிக்காகக் கண்ணாடியைப் பயன்படுத்திப் பார்த்தார். 2004இல் வலி ஆய்வாளர் லோரிமர் மோஸ்லி வெளியிட்ட ஆய்வில் கண்ணாடிக்கு முன்பாக இரண்டு படிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம். பலரும் அவற்றைத் தாண்டி நேராகக் கண்ணாடிக்குப் போய்விடுகிறார்கள். வலி கூடுவதற்கு அந்த அவசரமே போதும்.

படி 1: இடதா, வலதா?
பல கோணங்களில் மடங்கி, திரும்பி இருக்கும் கைகளின் முப்பது படங்களை போனில் சேருங்கள். இடது கைப் படங்களும் வலது கைப் படங்களும் சம எண்ணிக்கையில் இருக்கட்டும். வரிசையைக் கலைத்து, ஒவ்வொன்றும் எந்தக் கை என்று சொல்லுங்கள். உங்கள் கையைத் திருப்பிப் பார்க்கக் கூடாது! பத்துக்குக் குறைந்தது எட்டு சரியாக, படத்துக்குச் சுமார் இரண்டு வினாடியில் வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். வலிக்கும் கையின் படங்களில் மட்டும் தடுமாறினால் பயப்படாதீர்கள், அது சகஜம்தான்.

படி 2: மனதில் அசைத்தல்
அதே படங்களைப் பார்த்து, உங்கள் கை அந்த நிலைக்கு வலியில்லாமல் போவதாக நினையுங்கள். நினைத்தாலே வலிக்கிறதா? ஒரு விரல் போதும்.

படி 3: கண்ணாடி
முழங்கை வரை தெரியும் அளவுக் கண்ணாடி வேண்டும். மோதிரம், வாட்சைக் கழற்றிவிடுங்கள். நல்ல கையில் மோதிரம் இருந்தால் ‘இது என் கை இல்லை’ என்று மூளை கண்டுபிடித்துவிடும். மேசையில் உங்கள் நடுநெஞ்சுக்கு நேராகக் கண்ணாடியை நிறுத்துங்கள். பளபளக்கும் பக்கம் நல்ல கையை நோக்கட்டும். வலிக்கும் கை பின்னால் மறைந்திருக்கட்டும்.

முதல் நாள் எதையும் அசைக்க வேண்டாம். பிம்பத்தை ஒரு நிமிடம் பாருங்கள், அவ்வளவுதான். அப்புறம் நல்ல கையை மட்டும் மெதுவாகத் திறந்து மூடுங்கள். சில நாள் கழித்து, மறைந்த கையும் முடிந்த அளவு கூடவே அசையட்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்குச் சில தடவை. தலைசுற்றினாலோ, கை அந்நியமாகத் தோன்றிக் குமட்டினாலோ உடனே நிறுத்திவிட்டு முந்தைய படிக்குத் திரும்புங்கள்.

இதனோடு பஞ்சு, மென்மையான துணி, துவாலை என்ற வரிசையில் தோலை இரண்டு நிமிடம் வருடிப் பழக்கலாம்.

பயிற்சிக்குப் பின் வலி லேசாகக் கூடிச் சீக்கிரம் தணிந்தால் பரவாயில்லை. மறுநாளும் நீடித்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள். பயிற்சியை விட வேண்டாம். காய்ச்சலோடு வீக்கம், புதிதாக மரத்துப்போதல், திடீரென்று வலுவிழத்தல் இருந்தால் மட்டும் கண்ணாடியை எடுத்து வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.