மேய்ச்சல் நிலத்தில் சமாதான வேலை: நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறுகள்

வடக்குக் கென்யாவிலோ உகாண்டாவின் கரமோஜாவிலோ மாட்டுக் கொள்ளை என்று செய்தி வந்தால், தமிழ் படித்தவர்களுக்கு வெட்சித்திணை நினைவுக்கு வரும். ஆநிரை கவர்ந்தார்கள், மீட்டார்கள், விழுந்தவனுக்கு நடுகல் நட்டார்கள். துர்கானா, போகோட், சம்புரு என்று இனக்குழுக்களின் பெயர்தான் வேறு, இவர்கள் காலங்காலமாக இப்படித்தான் என்று ஒரு வரியில் முடித்துவிடத் தோன்றும். அங்கே சமாதான வேலைக்குப் போகிறவர்கள் பலரும் சறுக்குவது இதே இடத்தில்தான்.

1979இல் இடி அமீன் ஆட்சி விழுந்தபோது கரமோஜாவின் மொரோட்டோ ராணுவ முகாமில் இருந்த ஆயுதக் கிடங்கு சூறையாடப்பட்டது. ஈட்டி போய்த் தானியங்கித் துப்பாக்கி வந்தது. அதன் பிறகு நடப்பது வேறு விதமான கொள்ளை. திருடிய மாடுகளில் ஒரு பகுதி யாருடைய பட்டிக்கும் போவதில்லை. லாரி ஏறி நகரத்து இறைச்சிச் சந்தைக்குப் போகிறது. இதற்குள் தேர்தல் கணக்குகளும் உண்டு. எல்லாவற்றையும் ‘பழக்கம்’ என்று எழுதிவைத்தால் தீர்வும் மனமாற்றப் பயிற்சி முகாமாகத்தான் இருக்கும். லாரிக்காரரும் அவருக்குப் பின்னால் பணம் போட்டவரும் அந்த முகாமுக்கு வரமாட்டார்கள்.

அடுத்தது, யாரை உட்கார வைத்துப் பேசுவது என்பது. நாலு பெரியவர்களை நகரத்து ஓட்டலுக்கு வரவழைத்து, பேனர் கட்டி, பேட்டா கொடுத்து, ஓர் அறிக்கையில் கையெழுத்து வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு. துப்பாக்கி வைத்திருக்கும் இளைஞன் அந்த அறையில் இல்லை. பேட்டா நின்றதும் குழுவும் நின்றுவிடும்.

இதற்கு நேர் எதிராக நடந்தது வஜீரில். கென்யாவின் வடகிழக்கில், சோமாலி மொழி பேசும் மேய்ப்பர்களின் பகுதி அது. 1990களின் தொடக்கத்தில் வறட்சியும், அஜுரான், தெகோதியா, ஒகாடேன் குலங்களுக்கு இடையிலான சண்டையும் சேர்ந்து ஊரே குலைந்து கிடந்தது. சந்தையில்கூட ஒரு குலத்துப் பெண் இன்னொரு குலத்தாரிடம் பால் வாங்க முடியாத நிலை. தெகா இப்ராஹிம் அப்தி என்ற உள்ளூர்ப் பெண்ணும் அவரோடு இருந்த பெண்களும் சமாதானத்தைத் தொடங்கியது அங்கேதான். யார் வேண்டுமானாலும் விற்கலாம், வாங்கலாம் என்று ஓர் ஏற்பாடு. அதைக் கண்காணிக்கப் பெண்களே ஒரு குழு. பெரியவர்களிடம் போனது அதற்குப் பிறகுதான். பேச்சுக்குத் தலைமை தாங்க, சண்டையில் சம்பந்தப்படாத சிறு குலத்தைச் சேர்ந்த ஒருவரைப் பிடித்தார்கள். 1993இல் அல் ஃபத்தா உடன்படிக்கை உருவானது.

அறிக்கையைவிட முக்கியமானது அப்புறம் நடந்தது. எங்காவது ஒரு கொலை, ஒரு மாட்டுத் திருட்டு என்று தகவல் வந்தால் பெரியவர்கள், மதத் தலைவர்கள், பெண்கள், அதிகாரிகள் சேர்ந்த குழு உடனே கிளம்பிப் போகும். பழிவாங்க ஆட்கள் திரளுவதற்குள் போய்ச் சேர்வதுதான் கணக்கு. 1995இல் இது அரசு நிர்வாகத்தோடு இணைந்த அமைதிக் குழுவானது. பின்னாளில் நாடு முழுவதும் உருவான மாவட்ட அமைதிக் குழுக்களுக்கு இதுவே முன்மாதிரி. தெகாவுக்கு 2007இல், ‘மாற்று நோபல்’ என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2011இல் ஒரு சாலை விபத்தை அடுத்து அவர் காலமானார். இந்த மாதிரித் திட்டங்களில் பணம் பெரும்பாலும் மாநாட்டுக்குத்தான் ஒதுக்கப்படுகிறது. இரவோடு இரவாகக் கிளம்பும் வண்டிக்கு டீசல் போட யாரும் ஒதுக்குவதில்லை.

மரபுச் சட்டத்தை அப்படியே தூக்கிப் பிடிப்பதும் தவறு, தூக்கி எறிவதும் தவறு. வடக்குக் கென்ய மேய்ப்பர்களிடையே 2001இல் ஏற்பட்ட மோடோகாஷே உடன்படிக்கை கொலைக்கு ஈடாக ஆணுக்கு 100 ஒட்டகம், பெண்ணுக்கு 50 என்று வைத்தது. குலமே சேர்ந்து கொடுக்க வேண்டும் என்பதால் குலமே தன் பையன்களைக் கட்டுப்படுத்துகிறது. கோர்ட் வழக்கைவிட இது சீக்கிரம் முடிகிறது. சரி, ஆனால் பெண்ணின் உயிர் ஏன் பாதி? ‘அவர்கள் வழக்கம்’ என்று வெளியாட்கள் வாயை மூடிக்கொள்வதை மரியாதை என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஊர்ப் பெண்களில் இதை எதிர்ப்பவர்களும் உண்டு.

ஒரு பக்கம் மட்டும் ஆயுதத்தைப் பறிப்பது இன்னும் மோசம். கரமோஜாவில் 2001இலும் 2006இலும் உகாண்டா ராணுவம் அதைச் செய்தது. துப்பாக்கியைக் கொடுத்தவர்களின் மாடுகள் எல்லை தாண்டி வந்தவர்களுக்குச் சுலபமான இரையாகின. பாதுகாப்புக்கென்று ராணுவ முகாம்களை ஒட்டிப் பட்டி போட்டார்கள். நெருக்கமாக அடைத்ததில் மேய்ச்சல் போதவில்லை, நோய் பரவியது.

தண்ணீருக்கு வருவோம். மழைக்காலத்தில் மட்டும் மேயும் நிலத்தில் ஒரு போர்வெல் போட்டுக் கொடுத்தால் எல்லோரும் கைதட்டுவார்கள். அடுத்த கோடையில் மந்தைகள் அங்கேயே தங்கிவிடும். ஓய்வு கிடைக்காத புல் அழியும். பக்கத்தில் வீடுகள் முளைக்கும், இது எங்கள் எல்லை என்று பேச்சு எழும். தமிழில் ‘போர்’ என்று எழுதினால் ஆழ்துளைக் கிணறு, சண்டை இரண்டையும் குறிக்கும். அங்கே நிஜத்திலும் ஒன்று மற்றொன்றில் போய் முடிந்திருக்கிறது. தோண்டுவதற்கு முன் கேட்க வேண்டியது நிலத்தடியில் தண்ணீர் உண்டா என்பது மட்டுமல்ல. எந்த மாதம் யார் மந்தை அங்கே வரும், வறட்சியில் யாரிடம் அனுமதி கேட்பார்கள் என்பதும்தான். நாடோடி வாழ்க்கையைப் பிரச்சினையாகப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றவே தோன்றாது. மழை ஓரிடத்தில் பெய்து இன்னோரிடத்தில் பொய்க்கும் நாட்டில் நகர்வதுதான் பிழைப்பு.

இன்னொரு உதாரணம் நமக்கு நன்றாகவே தெரிந்த செடி. பாலைவனமாவதைத் தடுக்கவும் விறகுக்கும் என்று கென்யாவின் பாரிங்கோ பகுதியில் 1980களில் சீமைக் கருவேலம் நட்டார்கள். அது மேய்ச்சல் நிலத்தை விழுங்கியது. இனிப்பான நெற்றைத் தின்ற ஆடுகளுக்குப் பல் சொத்தையாகி விழுந்தது. இல்சாமுஸ் மக்கள் பல்லில்லாத ஓர் ஆட்டையே சாட்சியாகக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

2010இல் வடக்குக் கென்யாவின் மர்சபிட்டில் வந்த கால்நடைக் காப்பீடும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டியது. செத்த மாட்டை யாரும் எண்ணுவதில்லை. செயற்கைக்கோள் நிலத்தின் பசுமையை அளந்து, அது குறைந்தால் பணம் வரும். நல்ல யோசனைதான். ஆனால் மாடு தின்னாத புதரும் வானத்திலிருந்து பார்த்தால் பச்சைதான். இதை விற்கும்போதே சொல்லாமல் விட்டால், மாடு செத்தும் பணம் வராதவர் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார்.

மாடு இழந்த குடும்பத்துக்கு நாலு ஆடு கொடுத்துப் படம் எடுப்பதும் இருக்கிறது. ஒரு குடும்பம் பாலை நம்பிப் பிழைக்க வேண்டிய அளவுக்கு எண்ணிக்கை இல்லாவிட்டால் அவை அடுத்த பஞ்சத்தில் விற்கப்படும், அல்லது அறுக்கப்படும். ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுத்தால் அடுத்த கொள்ளைக்கு அழைப்பு வைத்த மாதிரி. தடுப்பூசியாவது இரு பக்கமும் போட்டாக வேண்டும். நோய்க்கு எந்தக் குலத்து மாடு என்று தெரியாது. அதையே சாக்காக வைத்து எதிரிகளை ஒரே இடத்துக்கு வரவழைத்தவர்கள் கெட்டிக்காரர்கள்.

கடைசியாக, கால அளவு. திட்டங்கள் மூன்று வருடக் கணக்கில் வருகின்றன. கூட்டங்கள் நிதியாண்டு முடிவைப் பார்த்து வைக்கப்படுகின்றன, மந்தையோடு ஆண்கள் நூறு மைலுக்கு அப்பால் இருந்தாலும் சரி. இதற்கு மாறாக, கென்யாவின் துர்கானாக்களும் கரமோஜாவின் மாத்தெனிகோக்களும் 1973இல் லோகிரியாமா என்ற இடத்தில் ஆயுதங்களைப் புதைத்துச் சமாதானம் செய்துகொண்டார்கள். அந்த இடத்தில் ஆண்டுதோறும் கூடி அதை நினைவுகூரும் வழக்கம் இருக்கிறது.