ஸ்டாம்பிங் சரியாக வரவில்லையா? டிசைன் எங்கே நின்றது என்று பாருங்கள்

நெயில் ஸ்டாம்பிங் இரண்டு தடவை சொதப்பினால் உடனே பிளேட் மட்டம் என்று முடிவுகட்டி இன்னொரு பிளேட் வாங்கிவிடுகிறோம், அதிலும் அதே கதைதான் நடக்கும். பிளேட் மேல் பழிபோடும் முன் ஒன்றைப் பாருங்கள். டிசைனைப் பள்ளமாகச் செதுக்கிய தகடுதான் பிளேட், அந்தப் பள்ளத்தில் நிரப்பிய நெயில் பாலிஷை ஒற்றி எடுக்கும் ரப்பர் மாதிரித் தலை கொண்ட கருவி ஸ்டாம்பர். டிசைன் பிளேட்டிலிருந்து ஸ்டாம்பருக்குப் போகிறது, அங்கிருந்து நகத்துக்குப் போகிறது. இந்த இரண்டில் எங்கே நின்றுபோனது என்று தெரிந்தாலே தவறு என்னவென்று பாதி தெரிந்துவிடும்.

பேனா, கோல்ஃப் பந்து மாதிரி வளைந்த பொருட்களில் எழுத்து அச்சிட ஆலைகளில் பயன்படும் பேட் பிரிண்டிங் முறையின் குட்டி வடிவம்தான் இது. பள்ளத்தில் நிற்கும் பாலிஷின் மேல்பரப்பில் கரைப்பான் ஆவியாகும்போது அது லேசாகப் பிசுபிசுப்பாகிறது, அந்தப் பிசுபிசுப்புதான் ஸ்டாம்பரில் ஒட்டவும் அப்புறம் நகத்தில் ஒட்டவும் வைக்கிறது. அதாவது எல்லாமே சில நொடிகளுக்குள் நடக்கிற விஷயம். பாலிஷை வைத்துவிட்டு, மிச்சத்தை வழிக்கும் ஸ்கிரேப்பரைத் தேடினால் கதை முடிந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து செய்வதும் அப்படித்தான்.

டிசைன் பிளேட்டிலேயே தங்கிவிடுகிறதா? புது பிளேட் என்றால் முதலில் மேலே ஒட்டியிருக்கும் நீல நிற ஃபிலிமை உரித்தீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நிறையப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள், ஏனென்றால் அது பிளேட்டின் நிறம் மாதிரியே தெரியும். அடுத்தது பாலிஷ். நகத்தை ஒரே பூச்சில் மூடாத மெல்லிய பாலிஷ் ஸ்டாம்பிங்கில் வெளிறித்தான் விழும், ஏனென்றால் பிளேட்டின் பள்ளம் அவ்வளவு ஆழமில்லை, அதில் நிற்கும் கொஞ்சூண்டு பாலிஷில் நிறமி அடர்த்தியாக இருந்தாக வேண்டும். ஸ்டாம்பிங் பாலிஷ் என்று தனியாக விற்பதற்குக் காரணம் இதுதான். ஒரே பூச்சில் முழுசாக மூடுகிற சாதாரண பாலிஷ் கையில் இருந்தால் அதையும் முயன்று பார்க்கலாம், சில பாலிஷ்கள் நன்றாகவே வரும். கெட்டியாகிவிட்ட பாலிஷில் ரிமூவரை ஊற்றிக் கலக்காதீர்கள், பாலிஷே கெட்டுவிடும். அதற்கென்று விற்கும் தின்னரில் சில சொட்டு போதும்.

ஸ்கிரேப்பர் பிடிக்கும் விதம் தனிக்கதை. டிசைன் முழுக்கப் பாலிஷை அப்பத் தேவையில்லை, ஒரு ஓரமாக ஒரு கோடு இழுத்தால் போதும், ஸ்கிரேப்பரே அதை மற்ற இடத்துக்குப் பரப்பிவிடும். சுமார் 45 டிகிரி சாய்வு, லேசான அழுத்தம், ஒரே இழுப்பு. படுக்கவைத்து இழுத்தால் பள்ளத்துக்கு வெளியேயும் பாலிஷ் படலமாக நிற்கும், நகத்தில் டிசைனோடு சேர்ந்து அந்தக் கறையும் வரும். முழு பலத்தையும் போட்டு அழுத்தினால் பிளாஸ்டிக் வளைந்து பள்ளத்துக்குள் இருப்பதையும் வழித்துவிடும். உலோக ஸ்கிரேப்பர் பிளேட்டைக் கீறும், அந்தக் கீறல்களும் பாலிஷைப் பிடித்துக்கொண்டு பிறகு ஒவ்வொரு டிசைனிலும் மெல்லிய கோடுகளாகத் தெரியும். பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றே தாராளம்.

ஸ்டாம்பர் விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே அறிவுரை சரிவராது. புது ஸ்டாம்பரின் தலையில் எண்ணெய்ப்பசை இருக்கலாம், மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துவிடுங்கள். பழைய மாடல் கெட்டி ரப்பர் தலையை நகம் தேய்க்கும் நுண்ணிய பஃபரால் லேசாகத் தேய்ப்பவர்கள் உண்டு, டிசைன் நன்றாகப் பிடிக்கும் என்பதற்காக. அதே வேலையைக் கண்ணாடி மாதிரி தெரியும் ஜெல்லி ஸ்டாம்பரிடம் காட்டாதீர்கள். பாலிஷைக் கரைக்கும் அசிட்டோன் பட்டாலும் அது மங்கிவிடும், அப்புறம் ஊடுருவிப் பார்த்து நகத்தில் குறிவைக்க முடியாது, அதற்காகத்தானே அதை வாங்கினோம்? ஒவ்வொரு முறைக்குப் பிறகும் செலோடேப் ஒட்டி எடுத்தால் மிச்சமிருக்கும் பாலிஷ் அதோடு வந்துவிடும்.

டிசைன் ஸ்டாம்பரில் அழகாக ஏறிவிட்டது, ஆனால் நகத்தில் இறங்க மறுக்கிறது என்றால் நீங்கள் தாமதித்துவிட்டீர்கள், அதில் இருந்த பிசுபிசுப்பு போய்விட்டது. நகத்தில் விழுகிறது, ஆனால் ஓரங்கள் விட்டுப்போகின்றன என்றால் நேராகக் குத்தி எடுக்கிறீர்கள். நகம் வளைந்தது, ஒரு பக்க ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை மெதுவாக உருட்ட வேண்டும். ஜெல்லி ஸ்டாம்பர் மென்மையானது என்பதால் பதமாக அழுத்தினாலே வளைவைச் சுற்றிக்கொள்ளும், பலமாக அமுக்கினால் டிசைன் விரிந்து கோணிவிடும். அடியில் இருக்கும் பாலிஷ் முழுசாகக் காயாமல் ஸ்டாம்ப் செய்தால் ஸ்டாம்பர் அதையும் பிய்த்துக்கொண்டு வரும். தொட்டால் ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்துக் காய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும். விளக்கில் காட்டி உறையவைக்கும் ஜெல் பாலிஷ் போட்டவர்களுக்கு இது வேறு மாதிரி. விளக்கில் காட்டிய பிறகும் மேலே ஒட்டும் படலம் நின்றால் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஸ்டாம்ப் செய்யுங்கள். ஜெல் ஸ்டாம்பிங் பாலிஷையே பயன்படுத்துபவர்கள் தோலில் படாமல் பார்த்துக்கொள்வது முக்கியம், உறையாத ஜெல்லில் இருக்கும் அக்ரிலேட் என்ற வேதிப்பொருட்கள் சிலருக்கு அலர்ஜி உண்டாக்கும், அது ஒருமுறை வந்தால் போகாது. தோலைக் காக்க நகத்தைச் சுற்றித் திரவ லேடெக்ஸ் (காய்ந்ததும் உரித்தெடுக்கும் ரப்பர் பூச்சு) பூசலாம், ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் லேடெக்ஸ் இல்லாத வகையைத் தேடுங்கள்.

இவ்வளவும் சரியாக வந்த பிறகு கடைசி நிமிடத்தில் கெடுப்பது டாப் கோட், அதாவது டிசைன் மேல் போடும் நிறமில்லாத பூச்சு. கோடுகள் இழுபட்டு, வெள்ளைப் பூவெல்லாம் சாம்பல் நிறமாகிவிடும், ஏனென்றால் டாப் கோட்டில் இருக்கும் கரைப்பான் டிசைனையும் கரைக்கிறது. ஸ்டாம்ப் செய்ததும் சில நிமிடம் விடுங்கள். பிரஷில் பெரிய சொட்டாக எடுத்து, முடிகள் நகத்தில் படாமல் அந்தச் சொட்டை மட்டும் தள்ளிக்கொண்டே போங்கள், போன இடத்துக்குத் திரும்பி வரவே கூடாது. அப்படியும் கலைகிறதென்றால் தண்ணீர் சார்ந்த டாப் கோட்டை முதலில் ஒரு கோட் போட்டு, காய்ந்த பிறகு வழக்கமானதைப் போடுங்கள். சிவப்பு மேல் கருப்பு, நீலம் மேல் வெள்ளை போன்ற ஜோடிகளுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன்.

பிளேட்டை ஒவ்வொரு டிசைனுக்கு இடையிலும் அசிட்டோனால் துடையுங்கள். எண்ணெய் சேர்த்த மென்மையான ரிமூவர் வேண்டாம், அந்தப் பசை பிளேட்டில் தங்கி அடுத்த டிசைனைப் பிடிக்கவிடாது. பஞ்சும் வேண்டாம், அதன் இழைகள் பள்ளத்தில் சிக்கும், நூல் பிரியாத துணி நல்லது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் மெழுகுவர்த்தி எதுவும் எரியக் கூடாது.