கேஸ் கீசர் பற்றவில்லையா? சிலிண்டருக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

கேஸ் கீசர் பற்றவில்லை என்றதும் பலரும் சிலிண்டரைத்தான் முதலில் தூக்கிப் பார்க்கிறார்கள். வடசென்னையின் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளிலோ கோளாறு பெரும்பாலும் பேட்டரியிலோ தண்ணீர் வரும் வழியிலோதான் இருக்கிறது. உப்புக் காற்றும் உப்பு நீரும் அவ்விரண்டையும்தான் எளிதில் கெடுக்கின்றன.

எதையும் தொடுவதற்கு முன் கேஸ் வாடை வருகிறதா என்று கவனியுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானதாகையால் தரையோடு தங்கும். வாடை இருந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எந்த மின்சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும் வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

வாடை இல்லையென்றால் வெந்நீர்க் குழாயைத் திறந்து, ‘டிக் டிக்’ என்று பொறி தட்டும் ஓசை கேட்கிறதா என்று பாருங்கள். ஓசையே இல்லையென்றால் கீசரின் அடியிலுள்ள பேட்டரிப் பெட்டியைத் திறக்க வேண்டும். பெரும்பாலான கீசர்களில் 1.5 வோல்ட் பெரிய டார்ச் பேட்டரிகள் 2 இருக்கும். இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள், பழையதோடு புதியதைச் சேர்க்காதீர்கள். நம் பக்கத்தில் புதுப் பேட்டரி போட்டும் பற்றாததற்குக் காரணம், பெட்டியின் உலோகத் தகட்டிலும் ஸ்பிரிங்கிலும் படிந்திருக்கும் பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

அடுத்தது தண்ணீர். நீர் போதிய வேகத்தில் பாய்ந்தால்தான் கீசருக்குள் இருக்கும் டயாப்ரம் என்ற ரப்பர் சவ்வு அசைந்து, பொறியும் கேஸும் வரும். பச்சைத் தண்ணீர் வேகமாகவும் வெந்நீர்க் குழாய் நூலாகவும் ஒழுகினால், கீசரின் நுழைவாயிலிலுள்ள சிறு வலையில் உப்புப் படிந்திருக்கலாம். தண்ணீர் வால்வையும் கேஸையும் மூடிவிட்டு, வலையைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து மீண்டும் பொருத்துங்கள். வலையில்லாமல் ஓட்டினால் துகள்கள் டயாப்ரத்தைக் கெடுக்கும். மேல்மாடியில் குடியிருப்போருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தொட்டி 10 அடி உயரத்தில் இருந்தாலும் கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ 0.3 பார் (bar, அழுத்த அலகு)தான், தொட்டி தலைக்கு மேலேயே இருந்தால் அதுவும் கிடைக்காது. கையேட்டில் குறிப்பிட்ட அழுத்தம் வராவிட்டால் பம்ப் வைக்காமல் வேறு வழியில்லை.

ஓசை கேட்டும் பற்றவில்லையென்றால் ரெகுலேட்டர் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சிலிண்டர் மாற்றிய உடனே என்றால் ட்யூபில் காற்று நின்றிருக்கும்; சற்று இடைவெளி விட்டு மீண்டும் முயன்றால் பற்றும்.

பற்றிய சுடர் சில நொடிகளில் அணைந்தால், சுடரை உணரும் கம்பியில் கரி படிந்திருக்கலாம். பல கீசர்கள் 20 நிமிடங்களில் தாமாகவே அணையும், அது கோளாறல்ல. சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். நெருக்கமான சந்துகளில், பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிய மூடிய குளியலறைக்குள் கீசரை மாட்டுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை; வாடையோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு, குளிப்பவர் உணர்வதற்குள் உயிரைப் பறித்துவிடும். குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில்தான் அது இருக்க வேண்டும்.

கேஸ் வால்வையும் பர்னரையும் நீங்களே பிரிக்காதீர்கள். மெக்கானிக் வேலை முடித்ததும் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவச் சொல்லி, குமிழி எழவில்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே அவரை அனுப்புங்கள்.