பனி குவியும் கடலோர விமான நிலையத்தில் வடிகால் நீரைக் கையாள்வது

பனிக்காலம் முழுக்க என் சட்டைப் பையில் ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து நீரில் கரைந்திருப்பதன் அடர்த்தியைக் காட்டும் கைக்கருவி) இருக்கும், தோள்பையில் ஒரு மின்கடத்துதிறன் மீட்டர். உள்நாட்டு விமான நிலையத்தில் முதல் கருவியே பெரும்பாலும் போதும். கடலோரத்தில் ஏன் போதாது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

விமானம் கிளம்பும் முன் இறக்கையில் உறைந்த பனியைக் கரைக்கச் சூடான கிளைக்கால் (நீரை எளிதில் உறையவிடாத ஆல்கஹால் வகை) கலவையைப் பீய்ச்சுகிறார்கள். ஆரஞ்சு நிறமான இந்தக் கலவை டைப் 1. பச்சை நிறத்தில், கெட்டியாக இருப்பது டைப் 4. மறுபடி பனி படியாமல் காப்பது அதன் வேலை. தரையில் சிந்துவதெல்லாம் வடிகாலுக்குத்தான் வரும். ஒரு கிலோ புரோப்பிலீன் கிளைக்கால் முழுதாகச் சிதைய ஏறக்குறைய 1.7 கிலோ ஆக்சிஜன் வேண்டும். நுண்ணுயிர்கள் அதைத் தண்ணீரிலிருந்துதான் எடுக்கும். மீனுக்கு என்ன மிஞ்சும்?

அதனால் முதல் பனிக்கு முன்பே வடிகால் வரைபடத்தை எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். எந்த மூடியின் கீழே ஓடும் நீர் எங்கே போகிறது என்று சாயம் ஊற்றிச் சரிபாருங்கள். காகிதத்தில் ஒன்று இருக்கும், மண்ணுக்குள் வேறொன்று இருக்கும். வால்வுகளைத் திருகிப் பாருங்கள். உறைந்து இறுகிய வால்வை நள்ளிரவில் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது.

பீய்ச்சும் மேடையில் முதல் விமானம் வந்து நிற்கும் முன் கடல் பக்க வால்வு மூடியிருக்க வேண்டும். தேங்குவதை உறிஞ்சு வண்டியால் எடுத்து, அடர்த்தியானதை மறுசுழற்சித் தொட்டிக்கும், நீர்த்ததைச் சுத்திகரிப்புக்கும் பிரித்து அனுப்புங்கள். எது அடர்த்தி என்று பார்க்கத்தான் ரிஃப்ராக்டோமீட்டர். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பிடித்தால் நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே கோடு தெரியும்.

இங்கேதான் கடல் ஏமாற்றும். கடல்மட்டம் உயரும் ஏற்றத்தின்போது குழாய் வழியாக உப்புநீர் மேன்ஹோலுக்குள் ஏறிவிடும். ஒரு சொட்டு கிளைக்கால்கூட இல்லாத கடல்நீரும் ரிஃப்ராக்டோமீட்டரின் பிரிக்ஸ் (சர்க்கரைச் சதவீத) அளவில் 4-ஐ ஒட்டிக் காட்டும். கிளைக்கால் மின்சாரத்தைக் கடத்தாது, உப்பு நன்றாகக் கடத்தும். எனவே இரண்டு கருவியிலும் பாருங்கள். ஆனால் பனியைக் கரைக்க ஓடுபாதையில் தூவும் பொட்டாசியம் அசிட்டேட்டும் மின்சாரத்தைக் கடத்தும், அதையும் நினைவில் வையுங்கள். இன்னொன்று, ரிஃப்ராக்டோமீட்டரில் கோடு ஏறவில்லை என்பதற்காகக் கடலுக்குத் திறந்துவிடக் கூடாது. லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் அதற்குத் தெரியவே தெரியாது. ஆய்வகத்தில் கரிமக் கார்பன் அளவை (கிளைக்கால் போன்ற கரிமப் பொருள் எவ்வளவு என்று காட்டுவது) பார்த்த பிறகே திறக்க வேண்டும்.

கடல் வாயில் உள்ள மடல் கதவில், அதாவது நீரை வெளியே மட்டும் விடும் ஒருவழிக் கதவில், பனிக்கட்டியோ பாசியோ சிக்கியிருக்கிறதா என்று கடல்மட்டம் தாழும் ஒவ்வொரு வற்றத்திலும் பாருங்கள். கடலோரத்தில் காலையில் பனி, மாலையில் மழை என்பது சாதாரணம். மழையும் உருகுநீரும் ஏற்றமும் சேர்ந்து வந்தால் கதவு திறக்காது. ஒரு முழு ஏற்றம் தாண்டும் வரை, அதாவது குறைந்தது 6 மணி நேரத்துக்கு, நீரைத் தாங்கத் தொட்டியில் இடம் வேண்டும். திறந்த குளமாக இருந்தால் பறவைகள் இறங்கும், அது விமானத்துக்கே ஆபத்து. அதனால்தான் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் (FAA) தேங்கும் மழைநீரை மழை நின்ற 48 மணி நேரத்துக்குள் வடித்துவிடச் சொல்கிறது.

ஓடுபாதைப் பனியைக் கரைக்க யூரியா வேண்டாம். அது அம்மோனியாவாக மாறி மீனைக் கொல்லும்.

அப்புறம், பனிக் குவியல். ஒரு வருடம் பீய்ச்சும் மேடையிலிருந்து வழித்த பனியை, வால்வுக்கு வெளியே ஓர் ஓடைக்கரையில் கொட்ட அனுமதித்தேன். பனிக்காலம் முழுக்க ஒன்றும் தெரியவில்லை. குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும். உருகத் தொடங்கிச் சில வாரங்களில் ஓடைக் கற்களில், கிளைக்காலைத் தின்று பெருகிய நுண்ணுயிர்களின் சாம்பல் நிற இழைகள் ஈரப் பஞ்சு போலத் தொங்கின. கையில் எடுத்தால் வழவழத்தது, நாற்றம் கையைவிட்டுப் போகவில்லை. அந்த ஓடையை இன்றும் போய்ப் பார்க்கிறேன்.

மேடைப் பனிக்குத் தனி இடம் ஒதுக்குங்கள்: தார்த் தரை, சுற்றிலும் வரப்பு, தொட்டிக்கு மட்டுமே வடியும் சரிவு. கடைசி விமானத்துக்குப் பீய்ச்சி முடித்ததும் மாதிரி எடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். குவியல் முழுதும் கரைந்து, தரையைக் கழுவிய நீரையும் சோதித்த பிறகே நான் வால்வைக் கடல் பக்கம் திறக்கிறேன்.